பனியைக் காக்கும் உப்பு

2050-ஆம் ஆண்டு பிறப்பதற்குள் ஒரு செப்டம்பரிலேனும் வட துருவச் சமுத்திரம் பனியற்றுப் போகக்கூடும் என்று ஐ.நா. பருவநிலைக் குழு 2021-இல் குறித்த கெடுவைப் பற்றிப் புஞ்சாக் ஆலாமிலிருந்தும் கோல சிலாங்கூர்த் தோட்டப்புறங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப எழுகிறது: பனிக்கு அடியில் உஷ்ணமான நீர் இருப்பது மெய்யானால், அது மேலே வந்து பனியை இன்றே கரைத்துவிடாதது ஏன்?

பனிப்பரப்பு 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினாலே சமுத்திரம் பனியற்றது என்பது குழுவின் கணக்கு. மலேசியாவைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பனி மிதக்கையிலேயே அப்படி அறிவித்துவிடலாம். மேற்பரப்பை மட்டும் அளக்கும் அக்கணக்கு அடிநீரைப் பற்றி ஒன்றும் உரைப்பதில்லை என்பதே நமது ஆட்சேபம்.

அடிநீரின் உஷ்ணம் மெய்தான். 1893-இல் 'ஃப்ராம்' கப்பலைப் பனியில் உறையவிட்டு அதனோடு மிதந்து சென்ற நார்வே ஆய்வாளர் நான்சென், உறைநிலையை ஒட்டிய மேல்நீருக்குக் கீழே, சுமார் 200 மீட்டர் ஆழத்திலிருந்து, பூஜ்ய டிகிரிக்கு மேற்பட்ட அட்லாண்டிக் நீர் பரவியிருக்கக் கண்டார். அத்தனை குளிரில் நீரின் கனத்தை நிர்ணயிப்பது உஷ்ணமன்று, உப்பே. சைபீரிய நதிகளின் நன்னீர் கலந்து லேசான மேல்நீரின் கீழே, உவர்ப்பு மிகுந்த அட்லாண்டிக் நீர் அமிழ்ந்தே கிடக்கிறது. கடல் பொங்கும்போது ஆற்று நீருக்கு அடியில் உவர்நீர் புகுவதைச் சிலாங்கூர் ஆற்று முகத்துவாரத்தில் கண்டவர்க்கு இது புதிதாகாது. ஆனால் துருவத்தின் விசேஷம் இரண்டிற்கும் நடுவிலுள்ள அடுக்கில் இருக்கிறது: அங்கே ஆழம் போகப் போக உவர்ப்பு ஏறுகிறது, உஷ்ணமோ உறைநிலையிலேயே நிற்கிறது, ஆகையால் புயல் மேல்நீரைக் கலக்கினாலும் அதில் வந்து சேர்வது குளிர்ந்த நீரேயன்றி உஷ்ணமன்று. இவ்வடுக்குக்கு வேண்டிய குளிர்ந்த உவர்நீரை, கரையோர ஆழமற்ற கடல்களில் உறையும்போது உப்பை வெளியே தள்ளும் பனியே உண்டாக்கித் தருகிறது என்பதை எண்ணும்தோறும் வியப்பும், அந்தப் பனி குறைந்தால் காவலும் குறையுமே என்ற கவலையும் ஒருங்கே எழுகின்றன. யுரேசியப் பக்கத்துக் கிழக்குப் பகுதியில் அவ்வடுக்கு நலிந்து அட்லாண்டிக் உஷ்ணம் மேலெழுவதை 2017-இல் கடலாய்வாளர் பொல்யகோவின் குழுவினர் எடுத்துக்காட்டினர். கனடாப் பக்கத்திலோ நன்னீர் மிகுந்து அடுக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

இத்தகைய அடிநீரை அளக்க, சென்னைப் பள்ளிக்கரணையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் பங்குகொண்டு அமைத்த 'இண்டார்க்' என்னும் கண்காணிப்பு நிலையம், 2014 ஜூலையில் வட துருவத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் கொங்ஸ்ஃபியோர்டனில் 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிடப்பட்டது. ஒரே வடத்தில் வெவ்வேறு ஆழங்களில் கட்டிய கருவிகள், கப்பல் அணுக முடியாத குளிர்காலத்திலும் உஷ்ணத்தையும் உவர்ப்பையும் குறித்துவைக்கின்றன.

கடல்மட்டம் உயர்ந்து கோல சிலாங்கூர்க் கரையணைகளுக்கு ஆபத்தா? மிதக்கும் பனியால் இல்லை. கிரீன்லாந்தின் நிலப்பனி கரைவதால் உண்டு.

தென் துருவத்திலும் அடியில் உஷ்ண நீரா? அங்கும் உஷ்ணமான ஆழ்நீர் உண்டு; மேற்கு அண்டார்டிகாவில் அது பனித்தட்டுகளின் அடியை அரித்துவருகிறது.

தென் துருவ விவகாரங்களில் மலேசியாவுக்குப் பங்குண்டா? 2011-இல் அண்டார்டிக் உடன்படிக்கையில் சேர்ந்தது. ஆயினும் முடிவெடுப்பதில் வாக்குரிமை பெறவில்லை.