குணம் பார்த்துக் குதிரை

கோரமங்களாவிலிருந்து டொம்லூர் செல்லும் உள்வட்டச் சாலையில் ஈஜிபுரா சிக்னலைத் தாண்டியதும் பெங்களூரின் இரைச்சல் சட்டென்று அடங்குகிறது. இரு பக்கமும் ராணுவ நிலம். 2017-ல் தொடங்கி ஆண்டுக்கணக்காக இழுத்த மேம்பாலத்தைச் சபித்துப் பழகிய ஈஜிபுராவாசிகளுக்கு (தமிழர்கள் இதில் கணிசம்) பக்கத்திலேயே ஏ.எஸ்.சி. மையம் இருப்பது தெரியும். ராணுவத்துக்கு அரிசி, பருப்பு, பெட்ரோல் அனுப்புவதோடு கோவேறு கழுதைகளையும் கட்டி மேய்க்கும் பிரிவு அது. அங்கே குதிரையேற்றமும் நடப்பது பலருக்குத் தெரியாது.

குதிரையேற்றத்திலேயே நம் ஊரில் அதிகம் பேசப்படாத பிரிவு டிரஸாஜ். பந்தயம் இல்லை, தடை தாண்டுவது இல்லை. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில் குதிரை நடக்கிறது, துள்ளி ஓடுகிறது, பக்கவாட்டில் நகர்கிறது, நின்ற இடத்திலேயே தாளம் தப்பாமல் கால் மாற்றுகிறது. ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் 10-க்கு இவ்வளவு என்று மார்க் போடுகிறார்கள். வீரர் வாய் திறந்து அதட்டினால் மார்க் குறையும். அரை டன் எடையுள்ள பிராணியிடம் இதையெல்லாம் சாட்டையால் வாங்கிவிட முடியாது. கட்டாயத்தில் குதிரை செய்யும் எதிலும் அழகிருக்காது என்று கிரேக்க நாட்டு செனபோன் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது குதிரையின் 'டெம்பரமென்ட்'. மொழிபெயர்ப்பவனுக்குத் தொல்லை தரும் வார்த்தை இது. 'சாது' என்று எழுதினால் தப்பு. சாதுக் குதிரை கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிச் செல்ல லாயக்கு. டிரஸாஜுக்கு, வீரரின் காலில் ஏற்படும் லேசான அழுத்தத்தையும் உணரும் குதிரை வேண்டும். சொரணை இருக்க வேண்டும், சிடுசிடுப்பு கூடாது. மிரண்டாலும் உடனே தெளிய வேண்டும்.

இதில் கச்சிதமான அளவு எது என்பதில் உலகச் சாம்பியன்களே வேறுபடுகின்றன. 2014-ல் 94.3 சதவீதம் பெற்று உலக சாதனை படைத்த பிரிட்டனின் வலேக்ரோ சமர்த்துக்குப் பேர்போனது. நெதர்லாந்து வீராங்கனை ஆங்கி வான் க்ரன்ஸ்வெனுக்கு 2004, 2008 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கித் தந்த சாலினேரோவோ கொதிக்கும் ரகம். சிக்கலான அசைவுகளெல்லாம் அதற்குக் கைவந்த கலை. அசையாமல் நிற்பதுதான் பெரும்பாடு. 2009-ல் எட்வர்ட் கால் ஏறி 92.3 சதவீதம் எடுத்த டோடிலாஸ், மறு ஆண்டு ஜெர்மனிக்கு விற்கப்பட்டது. புது வீரரிடம் அந்த உயரத்தை அது எட்டவே இல்லை. குதிரையின் சுபாவம் எவ்வளவு முக்கியமோ, ஏறுபவரோடு அது ஒத்துப்போவதும் அவ்வளவு முக்கியம்.

ஜெர்மானியர்கள் இதைத் தற்செயலுக்கு விடுவதில்லை. செல் நகரில் 1735-ல் தொடங்கிய அரசுப் பண்ணையைச் சுற்றி வளர்ந்த ஹனோவர் இனத்தில், பொலிகுதிரைகளுக்குத் தேர்வு உண்டு. நடைக்கும் ஓட்டத்துக்கும் மட்டுமல்ல, முன்பின் தெரியாத ஒருவர் ஏறினால் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கும் மார்க். குட்டிக்கும் அந்தக் குணம் இறங்கும் என்ற கணக்குத்தான். நம்மவர்களும் குதிரையை ஆராயாமல் இல்லை. தஞ்சை சரஸ்வதி மஹாலில் உள்ள அசுவ சாஸ்திரம், சுழியையும் நிறத்தையும் வைத்துப் பலன் சொல்கிறது. ஆனால் லட்சணத்தைப் பார்த்து வாங்கிய பரிகள் ராத்திரியில் நரிகளாகி ஊளையிட்டால் என்ன செய்வதென்று மாணிக்கவாசகர் காலத்துப் பாண்டியனைத்தான் கேட்க வேண்டும்.

இங்கே பிரச்னை வேறு. இந்தியப் பண்ணைகளில் பெரும்பாலானவை பந்தயத்துக்காகக் குதிரை வளர்ப்பவை. பெங்களூருக்கு மேற்கே, திப்பு சுல்தான் படைக்காக அமைத்ததாகச் சொல்லப்படும் குனிகல் பண்ணையும் பின்னாளில் பந்தயக் குதிரைக்கே பெயர் வாங்கியது. வேகம்தான் தேர்வு, சுபாவம் எப்படியோ அப்படி. 

2023 செப்டம்பரில் ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா ஆகியோர் 209.205 புள்ளிகளுடன் டிரஸாஜ் குழுத் தங்கம் வென்றார்கள். குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம். ஏறியவர்கள் இந்தியர்கள், குதிரைகளும் பயிற்சியும் ஐரோப்பா. டோக்கியோ ஒலிம்பிக்கின் ஈவென்டிங் பிரிவில், டிரஸாஜ் கட்டத்தில் 9-வது இடம் பிடித்த பெங்களூர்க்காரர் ஃபவாத் மிர்சாவின் சென்யோர் மெடிகாட்டும் ஜெர்மன் குதிரைதான்.

அவ்வளவு வசதி இல்லாத பயிற்சிப் பள்ளிகளுக்கு வந்து சேர்வது ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை. அதை முரடு என்று சொல்வது அநியாயம். இரண்டு வயதிலேயே ஓடக் கற்றுக்கொண்ட பிராணி அது. பந்தயத்தில் கடிவாளம் இறுகினால் அதன்மேல் சாய்ந்து ஓட வேண்டும். டிரஸாஜில் அதே கடிவாளம் 'பொறு' என்கிறது. குழம்பிப்போய்த் தலையைத் தூக்குகிறது, பல்லைக் கடிக்கிறது. அவசரக்காரப் பயிற்சியாளர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டால் கதை முடிந்தது: குதிரை கை மாறும், ஒவ்வொரு கையிலும் குணம் இன்னும் கெடும். அதன் மேல் ஏறுவது பள்ளிக் குழந்தைகள் என்பதால் ஆபத்தும் குழந்தைகளுக்குத்தான்.

விவரம் தெரிந்தவர்கள் முதல் சில வாரங்கள் களத்துக்கே கொண்டுபோவதில்லை. மேய விடுகிறார்கள், கடிவாளத்தைத் தளர்த்தி நடத்துகிறார்கள், கூட்டாளிக் குதிரைகளிடமிருந்து பிரித்துப் பார்க்கிறார்கள். பந்தயத்தில் ஜாக்கியை, நடந்துகொண்டிருக்கும் குதிரையின் மேலேயே தூக்கி உட்கார வைப்பது வழக்கம். அதனால் அதற்கான முதல் பாடம், ஏறும்வரை அசையாமல் நிற்பது. சில குதிரைகளுக்கு இதற்கே மாதக்கணக்கில் ஆகும்.