கூரைமேல் சூரியன் – 11: அந்த 10.7-ஐ மாற்றுங்கள்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை. விழுப்புரம் மாவட்டத்தின் பல ஊர்களில் கரன்ட் இல்லை. மின்வாரியக் கம்பம் எட்டாத கொல்லை வீடுகளிலும் மல்லாட்டைக் காவல் கொட்டகைகளிலும் சோலார் வைத்திருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட நாட்களில் வேறு கவலை: வெயிலே கிடையாது. மழை விட்டதும் பேட்டரி பழையபடி தாங்குவதில்லை. பழி புயல்மேல் விழும். என்னைக் கேட்டால், சார்ஜ் கன்ட்ரோலரில் யாரும் தொடாமல் விட்ட ஓர் எண்ணைத்தான் குற்றம் சொல்வேன்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிறிய கன்ட்ரோலரை எடுத்துப் பாருங்கள். சின்னத் திரை, கீழே மூன்று பட்டன். மெனு பட்டனை ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் ஒரு எண் வரும். பெரும்பாலானவற்றில் 13.7, 12.6, 10.7, கடைசியாக பி1 அல்லது பி2 அல்லது பி3. இந்த 10.7 தான் விளக்கை அணைக்கும் வோல்ட். 12 வோல்ட் ஆசிட் பேட்டரி 10.7-க்கு இறங்கிவிட்டால் அதில் ஏறக்குறைய ஒன்றுமே மிச்சமில்லை. அந்த நிலையில் மூன்று நாள் வெயிலின்றிக் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரையாது.

அந்தத் திரையிலேயே மெனு பட்டனை அழுத்திப் பிடியுங்கள். எண் மின்னும். மேல் பட்டனால் 11.8-க்கு ஏற்றி, மறுபடி அழுத்திப் பிடித்தால் பதிவாகிவிடும். விளக்கு எரியும்போது 11.8 காட்டினால் பேட்டரியில் ஏறத்தாழ பாதி இருக்கிறது என்று கொள்ளலாம். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி என்றால் 600 வாட்-மணி. 9 வாட் எல்.இ.டி. பல்பு நான்கு, ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் எரிய 180 வாட்-மணி போதும். அதாவது சூரியனே தலைகாட்டாவிட்டாலும் மூன்று இரவு ஓட்டலாம். அதற்குப் பின் விளக்கு தானாக அணைந்தால் திட்டாதீர்கள், பேட்டரி பிழைத்தது.

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. கன்ட்ரோலரில் பல்பு படம் போட்ட முனையில் மாட்டியவற்றுக்குத்தான் இந்தக் காவல். இன்வெர்ட்டரை நேராக பேட்டரியில் மாட்டியிருந்தால், நீங்கள் வைத்த 11.8 அதற்குத் தெரியாது. அது தன் கணக்கில், வழக்கமாக 10.5 அளவில்தான் நிற்கும். இன்வெர்ட்டருக்குத் தனியாக செட்டிங் இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் மழை நாளில் ஃபேனை நீங்களே நிறுத்துங்கள்.

அடுத்தது ஏற்றும் வோல்ட். தண்ணீர் ஊற்றும் டியூபுலர் பேட்டரிக்கு 14.4 என்று சொல்வது 25 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. சித்திரை, வைகாசியில் நம் தகரக் கொட்டகைக்குள் 40 டிகிரி சாதாரணம். ஒரு டிகிரி ஏறினால் ஒரு செல்லுக்கு சுமார் 4 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். ஆறு செல், பதினைந்து டிகிரி: 0.36 வோல்ட். ஆக 14.0 போதும். மீறி ஏற்றினால் பேட்டரி கொதித்து, டிஸ்டில்டு வாட்டர் வாரத்துக்கு வாரம் இறங்கும். விலை கூடிய கன்ட்ரோலர்களில் வெப்பத்தை அறியும் ஒயர் வரும். அதைத் தூர எறியாமல் பேட்டரிமேல் ஒட்டுங்கள். மலிவானதில் பி1 என்றால் 14.4, பி2 14.2, பி3 14.6 என்றிருப்பது வழக்கம். கோடையில் பி2, மார்கழியில் பி3 என்று வைத்துக்கொள்வது என் பரிந்துரை. சீல் போட்ட பேட்டரிக்கு மட்டும் பி3 எப்போதுமே கூடாது.

லித்தியம் பேட்டரிக்கு மாறியவர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது. வெயிலுக்காக வோல்ட் குறைக்கும் வேலையும் அதற்கு இல்லை. லித்தியத்துக்கென்று தனி செட்டிங் இல்லாத கன்ட்ரோலரை அதோடு மாட்டாதீர்கள்.

அடுத்த வாரம் ஒயர் தடிமன் பற்றி. அதற்குள் உங்கள் கன்ட்ரோலரின் மெனு பட்டனை ஒரு தடவை அமுக்கி, 10.7 இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.