தோல்வியிலும் கணக்கு உண்டு!

நான் சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகை. 2025 ஐ.பி.எல்.லில் சென்னை வெளியூரில் தோத்த ஆட்டங்களை எல்லாம் டி.வி.யில் பார்த்து நோட்டில் எழுதி வைத்தேன். "தோத்தா தோத்ததுதானே?" என்று கருவடிக்குப்பத்தில் எல்லாரும் கேட்டாங்க. அப்படி இல்லை!

ஓவருக்கு நாம் எடுத்த ரன்னில், ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவது நிகர ரன் விகிதம். பெங்களூரில் 2 ரன்னில் தோற்றோம். 20 ஓவருக்குக் குறைவு 0.1 தான். மும்பையிலோ நம்ம 176 ரன்னை அவங்க 15.4 ஓவரிலேயே தாண்டிட்டாங்க. குறைவு சுமார் 2.5!

கடைசியில் ராஜஸ்தான், சென்னை இரண்டுக்கும் 8 புள்ளிகளே. விகிதத்தால் ராஜஸ்தான் 9ஆம் இடம். சென்னை முதல்முறையாகக் கடைசி இடம்.

தோற்கப்போற ஆட்டத்திலும் ஒவ்வொரு ரன்னுக்கும் மதிப்பு உண்டு. கடைசிப் பந்து வரை பாருங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி