ஓர் இரவு இருக்கை
நீதிமேல் பசி – தொடர் – 7

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கைக்குப் பெயர் வந்த கதை இது. பல்லவ மன்னன் தன்னைப் புகழ்ந்து பாடச் சொன்னான். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன் மறுத்தார். ஊரை விட்டு விரட்டினான் மன்னன். சீடனுக்கு இடமில்லாத ஊரில் தனக்கென்ன வேலை என்று ஆழ்வாரும் கிளம்பினார். அவர் சொன்னதும், திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளே பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தாராம். காஞ்சி இருண்டது. அவர்கள் அன்று தங்கிய ‘ஓரிரவிருக்கை’தான் ஓரிக்கை என்று மருவியதாம். மன்னன் தேடி வந்து மன்னிப்புக் கேட்ட பிறகே திரும்பினார்கள்.

கிறிஸ்தவனான எனக்கு இந்தக் கதை அந்நியமாகப் படவில்லை. இயேசு பாடுபட்டது நகர வாசலுக்கு வெளியே. நாமும் வெளியேறி அவரிடம் போவோம் என்று அழைக்கிறது எபிரேயர் திருமுகம். நீதிக்காகப் பேச நம்மில் பலர் இருக்கிறோம். விரட்டப்பட்டவரோடு கூட நடக்கிறவர்கள் குறைவு.

ஸ்டேன் சுவாமி அடிகளார் நடந்தார். 1937 ஏப்ரல் 26 அன்று திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்தவர். இயேசு சபைக் குரு. பெங்களூரில் இந்திய சமூக நிறுவனத்தின் இயக்குநராக இருந்துவிட்டு, பின்னாளில் ஜார்க்கண்ட் போய் ஆதிவாசிகளோடே தங்கிவிட்டார். சுரங்கங்களுக்காக அவர்கள் நிலம் பறிபோவதையும், எதிர்த்துக் கேட்ட இளைஞர்கள் மாவோயிஸ்ட் என்ற பெயரில் சிறைக்குப் போவதையும் பார்த்தார். பார்த்ததைச் சும்மா சொன்னால் யார் நம்புவார்கள்? விசாரணைக் கைதிகளின் நிலையை ஆராய்ந்து 2016-ல் அறிக்கையாக வெளியிட்டார். அவர்களுக்காக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடுத்தார்.

2020 அக்டோபர் 8 அன்று, பீமா கோரேகான் வழக்கில் மாவோயிஸ்ட் தொடர்பு என்று குற்றம்சாட்டி, ஊபா சட்டத்தின் கீழ் அவரையே கைது செய்தது தேசியப் புலனாய்வு முகமை. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். அப்போது வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாது. உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

தலோஜா சிறையில் அவர் சாப்பிடவும் குளிக்கவும் துணி துவைக்கவும் கைகொடுத்தவர்கள் சகக் கைதிகள். தங்கள் மேல் என்ன வழக்கு என்றே தெரியாமல் கிடக்கும் ஏழைகளைப் பற்றித்தான் அவர் சிறையிலிருந்து கடிதம் எழுதினார். கூண்டுப் பறவையாலும் பாட முடியும் என்றார். மன்னனைப் பாட மறுத்தவரின் குரல்தான் எனக்கு அதில் கேட்கிறது.

2021 ஜூலை 5 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தில் அவருடைய ஜாமீன் மனு எடுக்கப்பட்டபோது, அவர் இறந்துவிட்ட செய்திதான் நீதிபதிகளுக்குச் சொல்லப்பட்டது. வயது 84. வழக்கு விசாரணை தொடங்கவே இல்லை.

ஓரிக்கையில் ஒரே இரவில் விடிந்தது, மன்னன் வந்தான். அடிகளாரைத் தேடி யாரும் வரவில்லை. வருவார்கள் என்று எண்ணி அவர் நடக்கவும் இல்லை.

கடைசித் தீர்ப்பு நாளில் நம்மிடம் கேட்கப்படும் கேள்விகளில் சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போனாயா என்பதும் ஒன்று என்கிறது மத்தேயு நற்செய்தி. விசாரணைக்குக் காத்துக் கிடப்பவர்கள் நம் பக்கத்துச் சிறைகளிலும் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் மன்றாட்டில் அவர்களை நினைக்கிறேன். ஒருவர் முகத்தையாவது நேரில் பார்த்திருக்கிறேனா? இந்த வாரம் அந்தக் கேள்வியோடு இருக்கிறேன். நீங்களும் இருங்கள்.

(அடுத்த வாரம்: அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலத்துக்காக எழுதிய ஆடம் ஆண்ட்ரூ பாதிரியாரும், 1892-ல் பிறந்த பஞ்சமி நிலமும்.)