"நெஞ்சுரத்தால் வென்றார்கள்": விளையாட்டுச் செய்தியை வகுப்பில் வாசிக்கும்போது

வாசிப்புப் பகுதிக்கு விளையாட்டுச் செய்தியைக் கொடுப்பவரா நீங்கள்? நல்ல பழக்கம். வாசிக்கச் சொன்னாலே முகம் சுளிக்கும் மாணவர்கள்கூட அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கு. அந்தச் செய்திகள் பலவும் ஆட்டத்தைப் பார்த்து எழுதியவையாகத் தெரியவில்லை. முடிவைத் தெரிந்துகொண்டு பின்னோக்கி எழுதியவை. வென்ற குழுவுக்கு நெஞ்சுரம் இருந்தது, தோற்ற குழுவுக்கு இல்லை. அவ்வளவுதான் செய்தி! நம் மாணவர்கள் அதிலிருந்து சொல்வளத்தை மட்டுமா எடுத்துக்கொள்கிறார்கள்? காரணம் தேடாமல் முடிவு கட்டும் பழக்கத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டு என்பிஏ இறுதித் தொடர். ஒரு பக்கம் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். அந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களில் 73ஐ வென்று சாதனை படைத்த குழு. மறுபக்கம் கிளீவ்லாந்து கேவலியர்ஸ். முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் குழுவுக்கே கிண்ணம். வாரியர்ஸ் 3–1 என்று முன்னணியில் இருந்தது. இறுதித் தொடரில் அந்த நிலையிலிருந்து எந்தக் குழுவும் அதற்கு முன் மீண்டு வந்ததில்லை. கேவலியர்ஸ் அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றது.

இப்படி ஒரு முடிவு வந்தால் சோம்பேறிப் பேனாவுக்குக் கொண்டாட்டம்தான். ஒரு குழுவுக்கு 'மனவுறுதி', மற்றதற்கு 'நடுக்கம்'. கதை முடிந்தது.

இப்போது எண்களைப் பாருங்கள். முதல் ஆறு ஆட்டங்களில் வாரியர்ஸ் எடுத்த புள்ளிகள் 104, 110, 90, 108, 97, 101. கேவலியர்ஸ் எடுத்தவை 89, 77, 120, 97, 112, 115. மாணவர்களையே கூட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் 610! ஏழாவது ஆட்டத்திலும் கடைசி ஒரு நிமிடம் இருக்கும்போது 89–89. அதாவது, ஏழு ஆட்டம் ஆடியும் இரண்டு குழுவும் 699 புள்ளியில் சமமாக நின்றன. 53 வினாடி இருக்கையில் கைரி இர்விங் எறிந்த மூன்று புள்ளிப் பந்து உள்ளே போனது. ஆட்டம் 93–89 என முடிந்தது. அந்தப் பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்து, வாரியர்ஸ் வென்றிருந்தால்? அதே செய்தியாளர் அதே 'மனவுறுதி'யை வாரியர்ஸ் பக்கம் மாற்றி எழுதியிருப்பார். யார் வென்றாலும் பொருந்துகிற காரணம் ஒரு காரணமே இல்லை, சரிதானே?

அப்படியானால் என்ன எழுதியிருக்கலாம்? நிறைய இருக்கு. ஐந்தாவது ஆட்டத்தில் வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன் தடை காரணமாக ஆடவில்லை. அதே ஆட்டத்தில் அவர்களுடைய உயரமான தடுப்பாட்டக்காரர் ஆண்ட்ரூ போகட் முழங்காலில் அடிபட்டு, பிறகு அந்தத் தொடரில் ஆடவே இல்லை. அன்று கேவலியர்ஸின் லெப்ரான் ஜேம்ஸும் இர்விங்கும் ஆளுக்கு 41 புள்ளி எடுத்தார்கள். ஏழாவது ஆட்டத்தில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது, ஆந்த்ரே இகுடாலா எளிதாகப் போட இருந்த பந்தை ஜேம்ஸ் பின்னாலிருந்து ஓடிவந்து பலகையோடு சேர்த்து அறைந்து தடுத்தார்.

இவற்றைச் சொல்வதால் கேவலியர்ஸின் பெருமை குறைந்துவிடாது. உண்மையில் கூடுகிறது. 'மனவுறுதி' என்ற சொல்லில் ஜேம்ஸ் ஓடிய ஓட்டம் தெரியவில்லை. நடந்ததை எழுதினால்தான் தெரிகிறது.

சோம்பலின் இன்னொரு வடிவம் அடைமொழி. ஜெரமி லின்னை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தைவான் பெற்றோருக்குப் பிறந்த அமெரிக்கர், ஹார்வர்டு பட்டதாரி. 2010இல் புதிய ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்தபோது எந்தக் குழுவும் அவரை எடுக்கவில்லை. 2011 டிசம்பரில் இரண்டு குழுக்கள் அவரை விடுவித்தன. 2012 பிப்ரவரியில் நியூயார்க் நிக்ஸ் குழு அவரைக் களத்தில் இறக்கியதும் தொடர்ந்து ஏழு வெற்றி. லேக்கர்ஸுக்கு எதிராக மட்டும் 38 புள்ளி!

உடனே 'எங்கிருந்தோ வந்தவர்', 'புத்திசாலி', 'கடின உழைப்பாளி' என்ற சொற்கள் குவிந்தன. பாராட்டுதானே என்று தோன்றும். ஆனால் வேகம், உடல் வலிமை போன்ற சொற்கள் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதுபோல் இருந்தது. அவர்களுடைய உழைப்பும் மூளையும் மறைந்தன. இவருடைய வேகம் மறைந்தது. லின்னை விடுவித்த குழுக்களில் ஒன்றான ஹூஸ்டன் ராக்கெட்ஸின் அன்றைய பொது மேலாளர் டேரில் மோரி, எழுத்தாளர் மைக்கேல் லூயிஸிடம் பின்னர் இதை ஒப்புக்கொண்டார். லின் வேகமானவர் என்று அளவீடுகள் காட்டியும், அவர் ஆசியர் என்பதாலேயே எல்லாருக்கும், தனக்கும்கூட, அது கண்ணில் படாமல் போனது என்றார். ஓர் அடைமொழி ஒருவருடைய வேலையையே பறிக்கக்கூடும் என்பதை மாணவர்கள் இங்கே பார்க்கலாம்.

சரி, வகுப்பில் என்ன செய்யலாம்? ஏதாவது ஓர் ஆட்டச் செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் மாணவர்கள் மூன்று கேள்விகளால் சோதிக்கட்டும்.

1. மற்ற குழு வென்றிருந்தால், பெயரை மட்டும் மாற்றி இதே வாக்கியத்தை எழுதியிருக்க முடியுமா?
2. இதில் சொல்லியிருப்பதைக் கண்ணால் பார்க்கவோ எண்ணவோ முடியுமா?
3. இந்த அடைமொழியை வேறு இனத்து ஆட்டக்காரருக்கும் இதே அளவு எளிதாகக் கொடுத்திருப்பார்களா?

தேறாத வாக்கியங்களைப் பென்சிலால் கோடிடட்டும். சில செய்திகளில் பாதிக்குமேல் கோடாகிவிடும், பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு மேலே உள்ள 2016 விவரங்களைக் கொடுத்து, 'மனவுறுதி', 'நெஞ்சுரம்' என்ற சொற்களே இல்லாமல் நூறு சொல்லில் ஒரு செய்தி எழுதச் சொல்லுங்கள். கருத்தையும் செய்தியையும் பிரித்தறியும் பயிற்சி இதைவிட எளிதாக அமையாது.

கடைசியாக ஒன்று, நமக்கும் சேர்த்து. மாணவர் தேர்ச்சி அறிக்கையில் 'இன்னும் முயற்சி தேவை' என்று எழுதுகிறோமே, பல நேரம் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத்தானே எழுதுகிறோம்? அந்தப் பிள்ளை எவ்வளவு முயன்றது என்று பார்த்தோமா? அந்த வாக்கியத்தையும் முதல் கேள்வியால் சோதித்துப் பார்ப்போமே.