கெர்னலில் கோளாறு வந்தால் யாரிடம் முறையிடுவது?

கம்ப்யூட்டரில் வேலை செய்து கொண்டிருக்கும்போது திரை முழுவதும் திடீரென்று நீல நிறமாகி, வெள்ளை எழுத்துகளில் ஒரு செய்தி வருவதைப் பார்த்திருப்பீர்கள். 2025-இல் விண்டோஸ் 11-இல் இதன் நிறம் கறுப்பாக மாற்றப்பட்டது. நிறம் எதுவானாலும் பொருள் ஒன்றுதான். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலில் ஓர் எக்ஸப்ஷன் ஏற்பட்டது, அதைச் சமாளிக்க வழி இல்லை என்பதே அது. இந்த எக்ஸப்ஷன் என்பது என்ன, அதைக் கையாளும் புரோகிராமில் ஒரு திருத்தம் செய்தால் அதை எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்று பார்ப்போம்.

எக்ஸப்ஷன் என்றால் என்ன?

பிராசஸர் கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றிக் கொண்டே போகிறது. ஒரு கட்டளையை நிறைவேற்ற முடியவில்லை என்றால், அந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டுக் கெர்னலிடம் முறையிடும். இந்த முறையீடுதான் எக்ஸப்ஷன். இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களில் இதற்காக 0 முதல் 31 வரை எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஓர் எண்ணைப் பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொன்னால் வருவது 0. கேட்ட இடம் மெமரியில் இல்லை என்றால் வருவது 14. இதன் பெயர் பேஜ் பால்ட்.

எக்ஸப்ஷன் எல்லாமே பிழை அல்ல. ஒரு புரோகிராம் கேட்கும் தகவல் ராமில் இல்லாமல் ஹார்ட் டிஸ்கில் இருக்கலாம். அப்போது பேஜ் பால்ட் வரும். கெர்னல் அதை டிஸ்கிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, நின்ற கட்டளையை மீண்டும் ஓட விடும். ஒரு பெரிய பைலை நீங்கள் திறந்து முடிப்பதற்குள் இது பலமுறை நடந்திருக்கும். உங்களுக்குத் தெரியவே தெரியாது.

புரோகிராம் தவறான முகவரியைக் கேட்டால், கெர்னல் அந்தப் புரோகிராமை மட்டும் மூடிவிடும். மற்றவை ஓடிக் கொண்டிருக்கும். ஆனால் தவறு செய்வது கெர்னலே என்றால்? அதற்கு மேலே முறையிட யாரும் இல்லை. தொடர்ந்து ஓடினால் டிஸ்கில் உள்ள பைல்களும் கெட்டுவிடலாம் என்பதால் விண்டோஸ் தன்னையே நிறுத்திக் கொள்கிறது. அதுதான் நீலத் திரை.

2024 ஜூலை 19

கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பால்கன் என்ற பாதுகாப்பு சாப்ட்வேர், கெர்னலுக்குள் ஒரு டிரைவராக ஓடுகிறது. 2024 ஜூலை 19 அன்று இந்திய நேரம் காலை 9.39-க்கு அந்நிறுவனம் ஒரு சிறிய பைலை அனுப்பியது. 10.57-க்குத் திரும்பப் பெற்றுவிட்டது. இடைப்பட்ட 78 நிமிடங்களில் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நின்றன என்பது மைக்ரோசாப்டின் கணக்கு.

சென்னை உள்ளிட்ட இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வங்கிகள், நிதி நிறுவனங்கள் என பத்து அமைப்புகளில் சிறு பாதிப்பு இருந்ததாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. பால்கன் நிறுவனங்களுக்காக விற்கப்படுவது என்பதால், ஆலங்குளத்திலோ ராஜபாளையத்திலோ வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இதனால் பாதிப்பு இல்லை. ஆனால் அன்று விமானத்தைப் பிடிக்கப் போனவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் வரிசையில் நின்றுதான் ஆக வேண்டியிருந்தது.

காரணம் என்ன? 21 கட்டங்கள் உள்ள விண்ணப்பம் ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். அதை நிரப்பும் புரோகிராம் 20 கட்டங்களுக்கு மட்டுமே தகவல் தருகிறது. அதுவரை வந்த பைல்கள் எதுவும் 21-வது கட்டத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. அதனால் எல்லா டெஸ்டிலும் தேறியது. அன்று வந்த பைல் 21-வதைப் பார்க்கச் சொன்னது. டிரைவர் இல்லாத இடத்தைப் படிக்கப் போனது. பேஜ் பால்ட் வந்தது. விண்டோஸ் கெர்னலில் பிழைகளைப் பிடிக்க ட்ரை-எக்ஸப்ட் என்ற வலை உண்டு. ஆனால் கெர்னல் பகுதியில் தவறான முகவரியைத் தொட்டால் அந்த வலையும் பிடிக்காது.

"21-வது வரவில்லை என்றால் என்ன ஆகும்?" என்ற ஒரு கேள்வியை யாராவது முன்பே கேட்டு, எண்ணிக்கையைச் சரிபார்க்கும் ஒரு வரியைச் சேர்த்திருந்தால் போதும். பிறகு அந்த வரியைச் சேர்த்தார்கள்.

ரிவ்யூவில் என்ன பார்க்க வேண்டும்?

ஒருவர் எழுதிய திருத்தத்தை இன்னொருவர் படித்துப் பார்ப்பதுதான் கோட் ரிவ்யூ. லினக்ஸ் கெர்னலில் ஒவ்வொரு திருத்தமும் அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவருக்குப் போகிறது. படித்துப் பார்த்தவர்கள் தங்கள் பெயரைத் திருத்தத்தோடு சேர்ப்பார்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் இதே கெர்னல்தான் இருக்கிறது. எக்ஸப்ஷன் பகுதி என்றால் படிப்பவர் முக்கியமாகக் கேட்க வேண்டியவை இவை:

1. இந்த வரியில் எக்ஸப்ஷன் வந்தால் அடுத்து ஓடுவது எந்த வரி? லினக்ஸில் இதற்காக எக்ஸப்ஷன் டேபிள் என்ற பட்டியல் உள்ளது. புரோகிராம் தரும் முகவரியைத் தொடும் வரிகளுக்கு, "இங்கே தவறினால் அங்கே போ" என்று அதில் குறித்திருக்கும்.

2. பாதியில் வெளியேறும்போது போட்ட பூட்டைத் திறந்தாயிற்றா? எடுத்த மெமரியைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா? பூட்டைத் திறக்காமல் போனால், அடுத்து வருபவர் காத்துக் கொண்டே இருப்பார். கம்ப்யூட்டர் உறைந்துவிடும்.

3. பிழை எண் சரியாகத் திரும்புகிறதா? புரோகிராமிடமிருந்து தகவலை வாங்கும் காப்பி-ப்ரம்-யூசர் என்ற பங்க்ஷன், காப்பி செய்யாமல் விட்ட பைட்டுகளின் எண்ணிக்கையைத் தரும். அதை அப்படியே திருப்பி அனுப்பினால், கேட்டவர் வேலை வெற்றி என்று நினைத்துக் கொள்வார். மைனஸ் எண்ணாக மாற்றி அனுப்ப வேண்டும்.

4. எக்ஸப்ஷனைக் கையாளும் பகுதியிலேயே எக்ஸப்ஷன் வந்தால்? அதையும் தொடர்ந்து கையாள முடியாவிட்டால் எண் 8, டபுள் பால்ட். அதிலும் தவறினால் டிரிபிள் பால்ட். எந்தச் செய்தியும் இல்லாமல் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

புரோகிராமை மட்டும் படித்தாலும் போதாது. 2018 மே 8 அன்று விண்டோஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ், ப்ரீபிஎஸ்டி ஆகியவற்றை ஒரே குறை பாதித்தது தெரிய வந்தது. மூவ் எஸ்எஸ் என்ற கட்டளைக்குப் பிறகு பிராசஸர் டீபக் எக்ஸப்ஷனைச் சற்றுத் தள்ளிப் போடும். அடுத்த கட்டளை கெர்னலுக்குள் நுழைவதாக இருந்தால், யாரும் எதிர்பாராத இடத்தில் அது வந்து நிற்கும். பிராசஸர் கையேட்டின் அந்தப் பகுதியைப் பல குழுவினரும் ஒரே மாதிரி தவறாகப் புரிந்து கொண்டிருந்தார்கள். எனவே ரிவ்யூ செய்பவர் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

எல்லாம் சரியாக நடக்கும் வழியை டெஸ்ட் செய்வது எளிது. தினமும் எல்லோரும் அதில்தான் போகிறார்கள். கோளாறு நடக்கும் வழியில் ஆண்டுக்கு ஒரு முறைகூட யாரும் போகாமல் இருக்கலாம். அதனால் அதை வரி வரியாகப் படிக்கும் ஒருவர் அவசியம் தேவை.

நீங்கள் செய்ய வேண்டியவை

நீலத் திரை வந்தால் உடனே ஆப் செய்துவிடாதீர்கள். அதிலுள்ள ஸ்டாப் கோடைக் குறித்துக் கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுத்தாலும் சரி. ஏதேனும் பைலின் பெயர் தெரிந்தால் அதையும் குறியுங்கள். பெரும்பாலும் அது கோளாறு செய்த டிரைவராக இருக்கும்.

டிரைவர்களைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தோ விண்டோஸ் அப்டேட் மூலமோ மட்டும் நிறுவுங்கள். அதற்கு முன் ஒரு ரிஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். இரண்டு ஆன்டி வைரஸ்களை ஒன்றாகப் போடாதீர்கள். இரண்டுமே கெர்னலுக்குள் இறங்கி வேலை செய்பவை.

பிட்லாக்கர் பயன்படுத்தினால் அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். 2024-இல் கோளாறு செய்த பைலை சேப் மோடில் போய் அழித்தாலே கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. ஆனால் அந்தக் கீ கையில் இல்லாதவர்களால் சேப் மோடுக்குள்ளேயே போக முடியவில்லை.