உங்களுக்குத் தெரியுமா? இம்ப்ளான்ட் பல்லைச் சுற்றி எலும்பு கரைந்தால்...

● 1950-களின் தொடக்கத்தில், ஸ்வீடனின் லுண்ட் நகரில் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் எலும்புக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்க்க முயலின் காலில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைப் பற்றிக்கொண்டு வளர்ந்திருந்தது. இன்றைய இம்ப்ளான்ட் பற்கள் பிறந்த கதை இதுதான். 1965-ல் அவரிடம் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட முதல் நோயாளி கோஸ்டா லார்சனுக்கு, 2006-ல் இறக்கும்வரை அவை உழைத்தன.

● சொந்தப் பல் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய நார்த் திசு ஒன்று உண்டு. அதில் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்திருக்கும். இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது, உலோகத்தை அடுத்து எலும்புதான். நாய்களிடம் செய்த சோதனைகளில், சொந்தப் பல்லையும் இம்ப்ளான்ட்டையும் சுற்றி நூல் கட்டி ஈறில் அழற்சியை உண்டாக்கிவிட்டு, பிறகு நூலை எடுத்துவிட்டார்கள். இயற்கைப் பல்லின் அடியில் அழற்சி ஓரளவோடு நின்றது. இம்ப்ளான்ட்டின் அடியில் பல இடங்களில் எலும்புவரை இறங்கிக்கொண்டே போனது.

● இப்படி எலும்பைக் கரைக்கும் அழற்சி நோயில் வலியும் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் இந்த நோயைக் கண்டு அஞ்ச வேண்டும் என்கிறேன். பல் தேய்க்கும்போது ரத்தம், ஈறை அழுத்தினால் சீழ், வாயில் ஒரு கெட்ட சுவை: இவைதான் அறிகுறிகள். “ஆடவில்லையே, அப்புறம் என்ன?” என்று இருந்துவிடாதீர்கள். எலும்பு பாதி கரைந்த பிறகும், மிச்சமிருக்கும் அடிப்பகுதியின் பிடியில் இம்ப்ளான்ட் அசையாமல் நிற்கும். அது ஆடத் தொடங்கினால் பிடிப்பு முழுவதும் போய்விட்டது என்று பொருள்.

● அழற்சி ஈறோடு நிற்கும்வரை, நன்றாகச் சுத்தம் செய்தாலே பழைய நிலைக்குத் திரும்பும். எலும்பைத் தொட்டுவிட்டால் கதை வேறு.

● இம்ப்ளான்ட்டின் மேல் கேப் மாட்டிய அன்றே ஒரு எக்ஸ்ரே எடுத்து, அதன் பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள். முதல் ஆண்டில் எலும்பு கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதற்கு மேல் இறங்கியதா என்பதை ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் வேண்டும். அது கையில் இல்லாதவர்களுக்காக 2017-ல் சிகாகோவில் கூடிய நிபுணர்கள், இது எலும்பைத் தொட்ட நோய்தான் என்று முடிவு செய்ய ஓர் அளவு வகுத்தார்கள். அளவுகோடு போட்ட மெல்லிய கம்பி ஈறுக்குள் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்க வேண்டும்; ரத்தமோ சீழோ வர வேண்டும்; எலும்பு 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் தாழ்ந்திருக்க வேண்டும்.

● கேப்பை ஒட்டப் பயன்படுத்தும் சிமென்ட் ஈறுக்கடியில் துளி தங்கிவிட்டாலும் அழற்சி தொடங்கலாம். அந்தத் துணுக்கை எடுத்ததுமே பலருக்கு ரத்தக்கசிவு நின்றுவிடுகிறது.

● எலும்பு கரைந்திருந்தாலும் உடனே கத்தியை எடுப்பதில்லை. முதலில் ஈறைத் திறக்காமலே க்ளீனிங், கூடவே சர்க்கரைக் கட்டுப்பாடு, புகையை விடுதல். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்து, அப்போதும் கம்பி ஆழமாக இறங்கி ரத்தமும் வந்தால்தான் அறுவை சிகிச்சை.

● அறுவை சிகிச்சையில் பாதிப் பாடு, திருகு வடிவ இம்ப்ளான்ட்டின் மரைகளைச் சுத்தம் செய்வதில்தான். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைக் கீறி விலக்கி, வீங்கிய திசுவைச் சுரண்டி எடுப்பார்கள். அதன் பிறகு வருவதுதான் கடினம். எலும்பு சீக்கிரம் பற்றிக்கொள்ளட்டும் என்று இம்ப்ளான்ட்டின் மேற்பரப்பைத் தயாரிக்கும்போதே சொரசொரப்பாக்குகிறார்கள். எலும்பு கரைந்து திருகு வெளியே தெரிந்தால், அதே சொரசொரப்பில் கிருமிப் படலம் அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும். டைட்டானியத் தூரிகை, காற்றோடு பீய்ச்சும் நுண்பொடி, உப்புநீரில் நனைத்த துணி, ஹைட்ரஜன் பெராக்சைடு, லேசர் என்று பலவும் கையாளப்படுகின்றன. இவற்றில் இதுதான் சிறந்தது என்று சொல்லும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை. “எங்களிடம் லேசர் இருக்கிறது” என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

● போன எலும்பைத் திரும்ப வளர்க்க முடியுமா என்பதைக் குழியின் வடிவம்தான் முடிவு செய்கிறது. கிணற்றுக்குள் இறக்கிய குழாய்போல, இம்ப்ளான்ட்டைச் சுற்றிச் சுவர் எழும்பி நின்றால் எலும்புப் பொடியை இட்டு நிரப்பலாம்; அது அங்கேயே தங்கும். தேவையென்றால் மேலே கொலாஜன் படலம் ஒன்றைப் போர்த்தித் தையல் போடுவார்கள். ஈறுத் திசு எலும்பைவிட வேகமாக வளர்ந்து குழிக்குள் புகுந்துவிடும். படலம் அதைத் தடுக்கும்.

சுவரே இல்லாமல் எலும்பு சமமாகத் தாழ்ந்திருந்தால் பொடி நிற்காது. அப்போது எலும்பின் மேடு பள்ளத்தைச் சீராக்கி, ஈறைக் கீழிறக்கித் தைத்து, வெளியே தெரியும் மரைகளைச் சிலர் மழமழவென்று தேய்த்தும் விடுகிறார்கள். அப்படிச் செய்தால் பல் துலக்கும் தூரிகை அந்த இடத்தை எட்டும். ஆனால் பல் நீண்டு தெரியும் என்பதால் மேல்வரிசை முன்பற்களில் இதைத் தவிர்க்கவே பார்ப்பார்கள். ஒல்லியான இம்ப்ளான்ட்டைத் தேய்த்தால் அதன் வலுவும் குறையும்.

● மிகுதியாகப் பயன்படும் எலும்புப் பொடிகளில் ஒன்று மாட்டெலும்பிலிருந்து வருவது. புரதத்தை நீக்கி, தாதுவை மட்டும் விட்டுவைத்தது. கொலாஜன் படலம் பல நேரம் பன்றித் தோலிலிருந்து செய்யப்படுகிறது. உணவாலோ மதத்தாலோ இது உங்களுக்கு ஒவ்வாது என்றால் முன்கூட்டியே தயங்காமல் சொல்லுங்கள். செயற்கைக் கால்சியம் பாஸ்பேட் பொடி உண்டு, உங்கள் சொந்தத் தாடையிலிருந்தே எடுக்கவும் வழியுண்டு. நோயாளி கேட்கும்வரை காத்திராமல் மருத்துவரே இதைச் சொல்லிவிட வேண்டும்.

● சிகிச்சைக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் குழி வெள்ளையாக நிரம்பியிருந்தாலும், எலும்பு திருகை மறுபடி பற்றிக்கொண்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பொடியும் படத்தில் வெள்ளையாகத்தான் தெரியும். ரத்தக்கசிவு நின்றதா, ஆழம் 5 மி.மீ.க்குள் வந்ததா, எலும்பு மேலும் இறங்காமல் இருக்கிறதா என்பவையே கணக்கு. அதற்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும்.

● எதுவும் பலிக்காவிட்டால் கழற்றிவிடலாம். இதற்கென்றே உள்ள கருவியால் திருகை எதிர்த்திசையில் முறுக்கினால், பெரும்பாலும் அக்கம்பக்கத்து எலும்பை வெட்டாமலே வந்துவிடும். குழி ஆறிய பின், எலும்பு போதுமானால், அதே இடத்தில் இன்னொன்று வைக்கவும் முடியும்.